படுக்கவைத்த ஆன்டெனா

பென்மார் கேரவன் திடலில் அந்த வாரம், காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துவரும் வீட்டு வண்டிகள் நாற்பது நின்றன. முப்பத்தொன்பது வண்டிகளின் டிவி ஆன்டெனாக்கள் கம்பிகளை நிமிர்த்திக்கொண்டு வடக்கே குன்றைப் பார்த்தன. ஹோரஸ் சிட்ஜியின் ஆன்டெனா மட்டும் கம்பிகளைப் படுக்கவைத்துக்கொண்டு தெற்கே கடலைப் பார்த்தது.

கேரவன்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. புது இடத்துக்கு வந்து, வண்டியை மட்டம் பார்த்து நிறுத்தி, தேநீருக்குத் தண்ணீர் வைத்ததும், பக்கத்து வண்டியின் ஆன்டெனா எந்தப் பக்கம் பார்க்கிறது என்று எட்டிப் பார்ப்பார்கள். தங்களுடையதையும் அப்படியே திருப்பிக்கொள்வார்கள். ஒளிபரப்புக் கோபுரம் எங்கே இருக்கிறது என்றெல்லாம் யாரும் விசாரிப்பதில்லை. முதலில் வந்தவன் மடையனாக இருந்துவிட்டால் திடல் முழுக்க மடத்தனம்தான். பென்மாரில் முதலில் வந்தவர் மடையர் இல்லை. குன்றின் மேலிருந்த கோபுரம் வேல்ஸ் நிகழ்ச்சிகளைப் பளிச்சென்று கொடுத்தது. அதற்குக் கம்பிகள் நிமிர்ந்து நிற்க வேண்டும். கடலுக்கு அப்பால், இங்கிலாந்துக் கரையில் இருந்த கோபுரத்துக்கோ கம்பிகள் படுத்திருக்க வேண்டும்.

ஹோரஸுக்கு வேண்டியது அந்தக் கரைதான். புதன்கிழமை மாலை ஆறரை மணிக்கு வரும் மேற்கு வட்டாரச் செய்தியில் கடைசி இரண்டு நிமிடம். அதில் அவர் மகள் லோர்னா வரப்போகிறாள். அவள் முகத்தை அவர் பார்த்து ஆறு வருடம் ஆகிறது.

விஷயத்தைச் சொன்னது அவருடைய அக்கா ஐடா. சனிக்கிழமைதோறும் அவளிடம் தொலைபேசியில் பேசுவார். இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன் என்று தெரிவிப்பதைத் தவிர அதில் பெரிய விசேஷம் எதுவும் இருக்காது. அந்தச் சனிக்கிழமை ஐடா முந்திக்கொண்டாள்.

"நம்ம லோர்னா டிவியில வர்றாடா. அவ வளக்குற வாத்து இருக்கே, அது தெனம் காலைல வாட்செட் ஸ்டேஷனுக்கு நடந்து போயி, மொத நீராவி ரயில் வர்ற வரைக்கும் பிளாட்பாரத்துல நிக்குதாம். யாரும் கூட்டிட்டுப் போறதில்ல. அதுவா போகுது, அதுவா திரும்பி வருது. ஊரே சிரிக்குது."

"வாத்தா?"

"பெரிய வெள்ள வாத்து. அதுக்கு என்ன பேரு வச்சிருக்கான்னு கேளு." ஐடா சிரித்தாள். பிறகு சிரிப்பைச் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். "வேணாம். நீயே பாத்துக்க. புதன்கிழம இங்க எங்க வீட்டுக்கு வந்து பாரேன்."

"அவளும் வருவாளா?"

"வந்தா என்ன, கடிச்சா தின்னுடுவா?"

ஹோரஸ் ஏதோ சொல்லி மழுப்பினார். அவருக்கு மகளைப் பார்க்க வேண்டும். மகள் தன்னைப் பார்க்கக் கூடாது. அதற்குத் தொலைக்காட்சியைவிடத் தோதான சாதனம் எது? படம் திரும்பிப் பார்க்காது.

அதனால்தான் வேல்ஸ் கரைக்கு வந்து, வாட்செட்டுக்கு நேர் எதிரே, கடலோர வரிசையில் கடைசி இடமாகக் கேட்டு வாங்கி வண்டியை நிறுத்தியிருந்தார். வானம் தெளிவாக இருந்தால் அந்தக் கரை ஒரு நீலக் கோடாகத் தெரியும். அவர் அறுபது வருடம் வாழ்ந்த ஊர் அந்தக் கோட்டுக்குள் எங்கோ இருந்தது.

தனி ஆளாக ஆன்டெனா திருப்புவது எவ்வளவு பெரிய பாடு என்பது தனி ஆளுக்குத்தான் தெரியும். மற்ற வண்டிகளில் புருஷன் வெளியே கழியைப் பிடித்துத் திருப்புவான். மனைவி உள்ளேயிருந்து கத்துவாள். "தெரியுது… தெரியுது… போச்சு. எதுக்கு அதுக்கு மேல திருப்புனீங்க?" திங்கட்கிழமை மாலைகளில் திடல் முழுக்க இதே பாட்டுத்தான். ஹோரஸ் கழியை ஒரு விரற்கடை திருப்பிவிட்டு, படியேறி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, மறுபடி இறங்கி வந்தார். முப்பது தடவைக்கு மேல் ஏறி இறங்கியபின், முழங்கால் இரண்டும் கெஞ்சத் தொடங்கிய நேரத்தில், திரையின் புள்ளிமழைக்குள்ளிருந்து மேற்கு வட்டாரத்து வானிலைப் பெண் வெளியே வந்தாள். வாட்செட்டுக்குத் தூறல் என்றாள். கழியும் அதை வண்டியோடு இறுக்கிய பிடியும் சேரும் இடத்தில் சிவப்பு நாடா ஒட்டி அடையாளம் வைத்தார். இரண்டு நாள் முன்னதாகவே வேலை முடிந்துவிட்டது. அன்றைக்கு அவர் விசிலடித்துக்கொண்டே முட்டை பொரித்தார்.

பக்கத்து வண்டிக்காரர் பெயர் ஐவர். ஆள் ஒருவர்தான் என்றாலும் பேச்சு ஐந்து பேருக்குப் போதும். மலைப்பக்கத்துச் சுரங்க ஊரில் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி க்ளெனிஸ் குள்ளமாக இருப்பாள், யாருக்காவது ஏதாவது ஊட்டாமல் தூக்கம் வராது. ஹோரஸின் வண்டி வந்து நின்ற பத்தாவது நிமிடமே இருவரும் வேலி ஓரம் வந்து நின்றார்கள்.

"எந்த ஊர்லேருந்து வர்றீங்க?" என்றார் ஐவர்.

"நாங்க அந்தக் கரை."

நாங்க. அந்தச் சொல் வாய்தவறி வந்தது. முப்பது வருடம் சொன்ன வாய், எட்டு வருடத்தில் திருந்தவில்லை. மனைவி மியூரியல் எட்டு வருடம் முன்பு, தேவாலயப் பாடகர் குழுவுக்குப் பியானோ வாசித்தவரோடு போய்விட்டாள். தகராறு எதுவும் இல்லை. குளிர்பெட்டி மேல் ஒரு சீட்டு வைத்துவிட்டுப் போனாள். ஈரல் உள்ளே இருக்கிறது, நாளைக்குள் சமைத்துவிடுங்கள் என்று அதில் எழுதியிருந்தது.

"வீட்டம்மா உள்ள இருக்காங்களா?" என்றாள் க்ளெனிஸ், கழுத்தை நீட்டி.

அந்த நேரத்தில் 'இல்லை' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் வரும் முகங்களை ஹோரஸ் நிறையப் பார்த்துவிட்டார். அடடா என்று தலை ஒரு பக்கம் சாயும், குரல் இறங்கும், அடுத்தது சாப்பிட வாருங்கள் என்பார்கள்.

"தலவலி. படுத்திருக்கா."

அதற்குப் பிறகு மியூரியலின் தலைவலி திடலிலேயே தங்கிவிட்டது. செவ்வாய்க் காலை க்ளெனிஸ் கல்லில் சுட்ட திராட்சை கேக்கை ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்தாள், இரண்டு பேருக்கு. மதியம் லீக் வெங்காயத்தாள் சூப், அதுவும் இரண்டு பேருக்கு. ஹோரஸ் இரண்டு பங்கையும் தானே தின்று முடித்து, இரண்டு கிண்ணத்தையும் கழுவி, "அவளுக்கு ரொம்பப் பிடிச்சுதாம்" என்று திருப்பிக் கொடுத்தார். பகலிலும் திரைச்சீலையை இழுத்தே வைத்தார். பொய் சொன்ன வெட்கம் ஒரு பக்கம் இருந்தாலும், அவளுக்குப் பிடித்தது என்று வாய்விட்டுச் சொல்வது கொஞ்சம் சுகமாகவும் இருந்தது. அதை நினைத்தபோது தன்மேலேயே எரிச்சல் வந்தது.

செவ்வாய் மாலை, உருட்டும் பீப்பாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பினார். ஐவர் அவருடைய கழியடியில் நின்று, கைகளைத் தட்டித் துடைத்துக்கொண்டிருந்தார். ஆன்டெனா கம்பிகளை நிமிர்த்திக்கொண்டு குன்றைப் பார்த்து நின்றது.

"காத்துல சாஞ்சு கெடந்துச்சு ஹோரஸ். கடலப் பாத்துட்டுக் கெடந்தா மீனா தெரியும்? நிமித்தி, நம்மளோடது மாதிரியே வச்சு விட்டேன். பாவம், தலவலிக்காரங்க, டிவியாவது பாக்கட்டும்."

ஹோரஸ் பீப்பாயைக் கீழே நிறுத்தினார். அது சாயவில்லை, நான்தான் படுக்கவைத்தேன் என்று சொன்னால், எதற்கு என்று கேட்பார். மகள் வருகிறாள் என்றால், அட, எங்களையும் கூப்பிடுங்கள் என்பார். உள்ளே வந்தால் தலைவலியும் இல்லை, தலையும் இல்லை.

"ரொம்ப நன்றி ஐவர்" என்றார். "உங்களுக்குத்தான் சிரமம்."

"இதுல என்ன சிரமம்."

ஐவர் தம் வண்டிக்குள் போகும்வரை காத்திருந்து, சிவப்பு நாடா அடையாளத்துக்குக் கழியைத் திருப்பி, கம்பிகளை மறுபடி படுக்கவைத்தார். நல்லவேளை, அடையாளம் இருந்தது.

புதன்கிழமை காலையிலிருந்து நல்ல காற்று. முன்கூடாரங்கள் படபடத்தன, எங்கோ ஒரு வாளி உருண்டது. ஐந்து மணிக்கே ஹோரஸ் முகம் மழித்துச் சட்டை மாற்றிக்கொண்டார். படம் திரும்பிப் பார்க்காது என்று தெரிந்தும் கழுத்துப்பட்டையும் கட்டினார். ஆறரைக்குத் தொலைக்காட்சி முன்னால் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார். படம் தெளிவு. ஒரு சாலை மூடியிருந்தது, ஒரு கவுன்சிலர் மறுத்தார், ஒரு கிரிக்கெட் ஆட்டம் மழையில் நின்றது. அவருக்கு எதுவும் மனதில் பதியவில்லை.

கடைசியில் அறிவிப்பாளர் சிரித்த முகத்தோடு, "வாட்செட்டில் ரயிலுக்குத் தவறாமல் வரும் ஒருவர்" என்றார்.

வாட்செட் பிளாட்பாரம் வந்தது. ஹோரஸுக்கு அந்த இடத்தைக் கண்டாலே ஆகாது. ஆறு வருடம் முன்பு லோர்னாவின் கல்யாணத்துக்கு உறவுக்காரர்கள் எல்லோரும் நீராவி ரயிலில் வருவதாக ஏற்பாடு. ஹோரஸும் அடுத்த ஊர்வரை காரில் போய் அதில் ஏறிக்கொள்ள வேண்டும். மணப்பெண் வெள்ளை உடையில் பிளாட்பாரத்தில் நின்று ஒவ்வொருவரையும் வரவேற்றாளாம். கடைசிப் பெட்டிவரை பார்த்தாளாம். மியூரியலும் பியானோக்காரரும் இறங்கினார்கள். ஹோரஸ் இறங்கவில்லை. மறுநாள் ஒரு அட்டை எழுதிப் போட்டார்: வழியில் கார் பழுதாகிவிட்டது, மன்னித்துக்கொள், வாழ்த்துகள், அப்பா. அதற்குப் பதில் வரவில்லை. அவரும் மறுபடி எழுதவில்லை.

வாத்து வந்தது. காமிராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கழுத்தை விறைத்துக்கொண்டு, தண்டவாளத்தைப் பார்த்து நின்றது. பிறகு லோர்னா வந்தாள்.

அவளுக்கு நரைத்திருந்தது. நாற்பதுகூட ஆகவில்லை, காதோரம் நரைத்திருந்தது. மூக்குக்கண்ணாடி போட்டிருந்தாள். எப்போதிருந்து? ரப்பர் காலணி, யாருடையதோ பெரிய கோட்டு. பேசுவதற்கு முன் கீழுதட்டைக் கடித்துக்கொள்ளும் வழக்கம் மட்டும் அப்படியே இருந்தது. ஹோரஸின் கை தானாகப் போய்த் திரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

"பேரு என்ன இவருக்கு?" என்றான் செய்தியாளன்.

"ஹோரஸ்" என்றாள் லோர்னா.

கேரவனுக்குள் இருந்த ஹோரஸ் திரையை இன்னும் நெருங்கினார்.

"எதுக்கு அந்தப் பேரு?"

லோர்னா சிரித்தாள். வாத்தைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, செய்தியாளனை விட்டுவிட்டு, நேரே காமிராவைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

திரை முழுவதும் புள்ளிமழை கொட்டியது. இரைச்சல் மட்டும் மிச்சம்.

ஹோரஸ் எழுந்தார். திரைச்சீலையை விலக்கினார். ஜன்னலுக்கு வெளியே, மழைக்கோட்டு காற்றில் பறக்க, ஐவர் நின்றிருந்தார். ஒரு கையில் கழி, மறு கையில் ஸ்பானர். ஹோரஸைக் கண்டதும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

கதவைத் திறந்துகொண்டு ஹோரஸ் கீழே இறங்கினார்.

"மறுபடியும் விழுந்துடுச்சுங்க" என்று காற்றுக்கு மேலே கத்தினார் ஐவர். "பிடி லூசு, அதான். எங்கிட்ட இருந்த ஸ்பானரால முறுக்கி விட்டேன். இனி யான வந்து இழுத்தாலும் அசையாது. இப்ப வீட்டம்மாவுக்குத் தெளிவா தெரியுதா?"

ஹோரஸ் கழியைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். அசையவில்லை. உள்ளே அறிவிப்பாளரின் இடத்தில் இரைச்சல் ஓடிக்கொண்டிருந்தது. ஆறு ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு. முடிந்திருக்கும். இந்த மனிதரின் கழுத்தைப் பிடித்து நெரிக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஐவரின் மூக்கு நுனியில் மழைத்துளி ஒன்று தொங்கியது. இந்தக் காற்றில், தன் வேலையை விட்டுவிட்டு, தலைவலிக்காரி ஒருத்திக்காக வந்து நனைந்துகொண்டிருந்தார்.

"தெரியுது" என்றார் ஹோரஸ். "ரொம்ப நல்லாத் தெரியுது. நன்றி."

உள்ளே வந்து உட்கார்ந்தார். ஆறு வருடத்தில் கிடைத்தது அரை நிமிடம். அதிலும் கேட்க வேண்டிய ஒரு வாக்கியம் போய்விட்டது. இந்த நாட்டில் எத்தனையோ ஆயிரம் வீடுகளில், தேநீர் குடித்துக்கொண்டு, யார் யாரோ அதைக் கேட்டுச் சிரித்தோ சிரிக்காமலோ இருந்திருப்பார்கள். யாரைப் பற்றிச் சொன்னாளோ அவருக்கு மட்டும் தெரியாது. அவருக்கு அழுகை வந்தது. கழுத்துப்பட்டையோடு உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார்.

பிறகு எழுந்து, இருந்த சில்லறையெல்லாம் பையில் போட்டுக்கொண்டு, திடல் வாசலில் இருந்த தொலைபேசிக் கூண்டுக்கு நடந்தார். எண் பணப்பையில் ஆறு வருடமாக இருந்தது. ஐடா எழுதிக் கொடுத்தது, மடிப்பில் கிழிந்திருந்தது. மணி ஐந்து முறை அடித்தது. எடுக்காவிட்டால் நல்லது என்று நினைக்கும்போதே எடுத்துவிட்டாள்.

"ஹலோ?"

அப்பா என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"ஹோரஸ் பேசுறேன்" என்றார்.

மறுமுனையில் யாரோ ஒரு கதவைச் சாத்தினார்கள்.

"எந்த ஹோரஸ்?" என்றாள் லோர்னா.

"ரயில்லேருந்து எறங்காதவன்."

தூரத்தில் அந்த இன்னொரு ஹோரஸ் தொண்டை கிழியக் கத்தியது.

"டிவி பாத்தீங்களா?"

"பாத்தேன். நீ கண்ணாடி போட்டிருக்க. எதுக்கு அந்தப் பேருன்னு அந்தப் பையன் கேட்டானே, அதுக்கு நீ சொன்னது மட்டும் கேக்கல. ஆன்டெனா திரும்பிடுச்சு. பக்கத்து வண்டிக்காரரு, நல்லது செய்றதா நெனச்சி, சரியா அந்த நேரத்துல..."

"அப்பா." அவள் குரல் களைத்திருந்தது. "முக்கியமான எடம் வந்தா ஒங்களுக்கு மட்டும் ஏதாவது ஒண்ணு ரிப்பேர் ஆயிடும். இல்ல?"

இப்போது சொன்னது சத்தியம். ஆனால் அதை நம்பு என்று கேட்க அவரிடம் எந்த முகமும் இல்லை. கூண்டின் கண்ணாடியில் மழை வழிந்தது. வெளியே முப்பத்தொன்பது ஆன்டெனாக்களோடு அவருடையதும் நிமிர்ந்து நின்று குன்றைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"கார் அன்னிக்கு நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். "அடுத்த ஊர் ஸ்டேஷன் வாசல்ல நிறுத்திட்டு உள்ளயே ஒக்காந்திருந்தேன். ரயில் வந்துச்சு. போச்சு. கார விட்டு எறங்க முடியல. ஒங்கம்மாவையும் அவரையும் ரயில் ஜன்னல்ல பாத்தேன். அவ்வளவுதான் விஷயம். கார்மேல தப்பே இல்ல."

இன்னொரு காசைப் பெட்டியில் போட்டார்.

"அதத்தான் சொன்னேன்" என்றாள் லோர்னா.

"எத?"

"டிவியில. 'எங்கப்பா பேரு. அவருக்குக் கார் இருந்துச்சு, வரல. இது நடந்தே வந்துடுது'ன்னு சொன்னேன்." குரல் உடைந்தது, உடனே சரிசெய்துகொண்டாள். "எல்லாரும் சிரிச்சாங்க."

ஹோரஸ் கூண்டின் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டார். கேட்க வேண்டிய வாக்கியத்தைக் கேட்டாயிற்று. நெஞ்சு வலித்தது. ஆனால் அது தனக்கென்று சொல்லப்பட்டது. எட்டு வருடமாகத் தனக்கென்று யாரும் எதுவும் சொன்னதில்லை.

"மொத ரயில் எத்தன மணிக்கு?" என்றார்.

"பத்தே முக்கால்." சற்று நிறுத்தி, "வாத்து பத்தரைக்கே போய் நின்னுடும்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டாள். வாருங்கள் என்று சொல்லவில்லை.

நனைந்துகொண்டே திரும்பி வந்து, க்ளெனிஸின் கேக் தட்டை எடுத்துக்கொண்டு, ஐவர் வண்டிக் கதவைத் தட்டினார். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. க்ளெனிஸ் திறந்தாள்.

"காலைல ஆறு மணிக்கு வாட்செட்டுக்குக் கெளம்புறேன்" என்றார் ஹோரஸ். "காரப் பின்னால எடுத்து வண்டிய மாட்டணும். யாராவது பாத்துச் சொன்னா நல்லாருக்கும்."

"வீட்டம்மா சொல்ல மாட்டாங்களா?" என்றார் ஐவர், நாற்காலியிலிருந்து.

"உள்ள யாரும் இல்ல ஐவர். எட்டு வருஷமா இல்ல. அந்த ஸ்பானரையும் கொஞ்சம் குடுங்க, கழியக் கழட்டணும்."

க்ளெனிஸ் தட்டை வாங்கிக்கொண்டாள். தலையைச் சாய்க்கவில்லை, அடடா என்று சொல்லவும் இல்லை. ஐவர் எழுந்து போய் டிவியை அணைத்தார். ஸ்பானரைத் தேடி எடுத்து, மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, ஹோரஸுக்கு முன்னால் படியிறங்கினார்.